ஒரே சட்டியில் பாஸ்தா: எனக்கு யாரும் சொல்லாத தண்ணிக் கணக்கு

நான் வேலூர் சத்துவாச்சாரியில் குடியிருக்கிறேன். வேலை ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில், ஷூவின் மேல்பாகம் (அப்பர்) தைக்கிற ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில். 2019-ல் ராணிப்பேட்டை தனி மாவட்டமாகப் பிரிந்து போனது, ஆனால் எங்கள் பிழைப்பு பிரியவில்லை. காலையில் போய் சாயங்காலம் திரும்புகிற அதே ஹைவே, கிரீன் சர்க்கிளில் அதே நெரிசல். மனைவி நர்ஸ். இந்த வருஷம் வெயில் ஆரம்பிக்கிற சமயத்தில் அவளுக்கு மதிய ஷிப்ட் விழுந்தது. ஒரு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பினால் திரும்பி வர ராத்திரி ஒன்பதரை ஆகிவிடும். நான் வீடு சேர்வது ஏழு, ஏழே கால். எதிர் வீட்டில் விளையாடிக்கொண்டிருக்கும் பிள்ளைகள் இரண்டும் என் வண்டிச் சத்தம் கேட்டதும் பசி பசி என்று ஓடிவரும். பெரியவளுக்கு ஹோம்வொர்க், சின்னவனுக்கு எட்டரைக்கே கண் சொருகிவிடும். ஒண்ணே கால் மணி நேரத்தில் சமைத்து, ஊட்டி, பாத்திரத்தையும் ஒழித்துப் போட வேண்டும். எனக்கு அதுவரை தெரிந்த சமையல் உப்புமா, முட்டை பொரியல், தோசை ஊற்றுவது, அவ்வளவுதான்.

தோசையும் உப்புமாவும் மாறி மாறி வந்து சலித்துப்போன ஒரு நாள், வகுப்பில் யாரோ டப்பாவில் பாஸ்தா கொண்டுவந்ததாகப் பெரியவள் சொன்னாள். செல்போனில் தேடினால் கொட்டிக் கிடக்கிறது. ஒரே பாத்திரம், பதினைந்தே நிமிஷம், எல்லாவற்றையும் போட்டு மூடினால் முடிந்தது. அலுத்து வந்த மனுஷனுக்கு இதைவிட நல்ல சேதி என்ன இருக்கிறது? அதை நம்பி இறங்கினேன். அடுத்த சில வாரங்களில் காசு போனது, நேரம் போனது, ஒரு ராத்திரி உயிரே போய்விட்டு வந்த மாதிரி இருந்தது. இன்றைக்கு இதே சாப்பாடு எங்கள் வீட்டில் வாரம் ஒருமுறை ஒழுங்காக வருகிறது. நடுவில் என்ன நடந்தது என்று எழுதி வைத்தால் என்னைப் போலத் தனியாக அடுப்பு முன்னால் நிற்கிற யாருக்காவது உதவும்.

முதல் அடி கடையிலேயே விழுந்தது. லாங் பஜார் பக்கம் போனபோது ஒரு கடை வாசலில் மூட்டையில் பாஸ்தா வைத்திருந்தார்கள். குழாய், சுருள், சங்கு எல்லாம் கலந்து, சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று பார்க்கத் திருவிழா மாதிரி இருந்தது. பாக்கெட்டில் வருவதில் பாதி விலைகூட இல்லை. "ரெண்டுக்கும் இன்னாண்ணா வித்தியாசம்?" என்று கேட்டேன். "எல்லாம் ஒரே மாவுதான் சார், பாக்கெட்டுக்கு அட்டைக் காசு" என்றார். ஒரு கிலோ வாங்கிக்கொண்டு வந்தேன். அன்றைக்கு ராத்திரி செல்போனில் சொன்னபடியே வெங்காயம், பூண்டு வதக்கி, காய் போட்டு, தண்ணி ஊற்றி, பாஸ்தாவைக் கொட்டி மூடினேன். பத்து நிமிஷம் கழித்துத் திறந்தால் சங்கு கரைந்துவிட்டது, சுருள் பிரிந்துவிட்டது, குழாய் மட்டும் நடுவில் வெள்ளையாக வேகாமல் நிற்கிறது. குழாய் வேகட்டும் என்று இன்னும் கொஞ்சம் விட்டதில் மொத்தமும் கூழ். கரண்டியை நட்டால் நிற்கும். சின்னவன் தட்டைப் பார்த்து, "நைனா, இது இன்னா களியா?" என்றான். ராகிக் களி என்றால் அவன் ஓடியே போய்விடுவான். மணி எட்டரை. வண்டியை எடுத்துக்கொண்டு போய் இட்லி பார்சல் வாங்கி வந்து கொடுத்தேன். அவன் பாதி இட்லியோடு தூங்கிப்போனான். அன்றைக்கு எனக்கு வந்த கோபம் யார் மேல் என்றே தெரியவில்லை.

இதற்குக் காரணம் பிறகுதான் புரிந்தது. நல்ல பாஸ்தா டூரம் என்கிற கெட்டிக் கோதுமையின் ரவையில் செய்வது. நம் நாட்டில் மத்தியப் பிரதேசத்தில் மால்வா பக்கம் இது நிறைய விளைகிறது. அந்தக் கோதுமையில் இருக்கிற புரதம் வலை மாதிரி மாவுச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அதனால் வெந்தாலும் உருவம் கலையாது. மைதாவில் செய்தது அப்படிப் பிடித்து வைக்காது, மாவு நிறையத் தண்ணியில் இறங்கிவிடும். அண்டா நிறைய தண்ணியில் வேகவைத்து வடிக்கிறவர்களுக்கு இது ஓரளவுக்குத் தெரியாமல் போகும், ஏனென்றால் இறங்கிய மாவு கஞ்சியோடு போய்விடுகிறது. ஒரே சட்டியில் செய்தால் வடிப்பதே கிடையாது. உள்ளே போனது எதுவும் வெளியே வராது. எனக்கு வந்த தொல்லை அத்தனைக்கும் இந்த ஒரு வரிதான் அடிப்படை என்று இப்போது தோன்றுகிறது. ஆகவே முதல் வேலை, பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். சேர்மானம் என்ற இடத்தில் டூரம் கோதுமை ரவை (சூஜி) என்று முதலில் இருக்க வேண்டும். மைதா என்று ஆரம்பித்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். நிறத்தை நம்பாதீர்கள், மஞ்சளை யார் வேண்டுமானாலும் கலக்கலாம். பல உருவம் கலந்த பாக்கெட்டும் ஒரே சட்டிக்கு ஆகாது, தடிமனுக்குத் தடிமன் வேகிற நேரம் மாறும். மீதி முக்கால் கிலோவை வீணாக்க மனசில்லாமல் உருவம் உருவமாகப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதற்குச் செலவழித்த நேரத்துக்குத் தூக்கி எறிந்திருக்கலாம்.

அடுத்தது குக்கர். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், யாரும் செய்யக்கூடாது என்பதற்காக. இன்னொரு வீடியோவில் ஒரு அம்மா, "ரெண்டே விசில், பாஸ்தா ரெடி" என்று சிரித்துக்கொண்டே காட்டினார்கள். இந்த முறை பாக்கெட் பாஸ்தாதான், பென்னே என்கிற குழாய் வடிவம். தக்காளி, வெங்காயம், தண்ணி, பாஸ்தா எல்லாம் போட்டு ஐந்து லிட்டர் குக்கரை மூடி வெயிட்டைப் போட்டேன். பெரியவளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்க ஹாலுக்குப் போய்விட்டேன். ஐந்து நிமிஷம் ஆயிற்று, விசில் இல்லை. எட்டு நிமிஷம், அப்போதும் இல்லை. 'உஸ்' என்று மெல்லிய ஒரு சத்தம் மட்டும் விட்டு விட்டு வந்தது. எழுந்து சமையலறை வாசலுக்குப் போகிறேன், மூடியின் ஓரமாக ஆரஞ்சு நிறத்தில் நுரை கசிகிறது, வெயிட் அசையவே இல்லை. அடுப்பை அணைக்கக் கையை நீட்டுவதற்குள் சேஃப்டி வால்வு போய்விட்டது. 'புஸ்ஸ்' என்று ஒரு சத்தம், அடுத்த நொடி சுவர், டியூப் லைட், அஞ்சறைப் பெட்டி, என் சட்டை எல்லாவற்றிலும் தக்காளிக் கஞ்சி. முன்கையில் நாலு இடத்தில் சூடு பட்டது. பெரியவள் ஓடிவந்தாள், "உள்ள வராதே!" என்று நான் கத்திய கத்தலில் அவள் அழுதாள், அவள் அழுததில் சின்னவனும் அழுதான். அடுப்பை அணைத்துவிட்டுக் கீழே உட்கார்ந்தவன் கொஞ்ச நேரம் எழுந்திருக்கவில்லை. கை நடுங்கிக்கொண்டே இருந்தது. டியூட்டியில் இருக்கிறவளுக்குப் போன் பண்ணலாமா வேண்டாமா என்று போனை எடுத்து எடுத்து வைத்தேன். பிள்ளைகள் அந்த இடத்தில் நின்றிருந்தால் என்ற நினைப்பு ராத்திரி தூங்கவிடவில்லை.

மறுநாள் குக்கர் ரிப்பேர் செய்கிறவர் வால்வையும் கேஸ்கெட்டையும் மாற்றிவிட்டு, மூடியைத் தூக்கி வெளிச்சத்துக்குக் காட்டினார். விசில் வருகிற அந்தச் சின்ன ஓட்டையில் தக்காளித் தோல் சுருண்டு உட்கார்ந்திருந்தது, அதைச் சுற்றி மாவு காய்ந்து பசையாக அடைத்திருந்தது. "கஞ்சி நொரைக்கிற ஐட்டம் எதுவும் பாதிக்கு மேல போடாதீங்க சார். அதுலயும் இது நொரைச்சிகினே இருக்கும்" என்றார். விஷயம் இதுதான்: பாஸ்தாவிலிருந்து மாவுச்சத்து இறங்க இறங்க நுரை பொங்கும், குக்கருக்குள் அந்த நுரை போக வழி அந்த ஓட்டை மட்டும். பாதி அளவுக்குக் கீழே வைத்துத் தீயைக் குறைத்துச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பிள்ளைகள் சுற்றி ஓடுகிற வீட்டில், அவசரத்தில், தனி ஆளாக நிற்கிறவர்களுக்கு வேண்டவே வேண்டாம். எப்போதாவது விசில் வராமல் ஓரத்தில் நுரை கசிந்தால் அடுப்பை அணைத்துவிட்டு விலகிவிடுங்கள். வெயிட்டைக் கரண்டியால் தூக்கிப் பார்க்கிற வேலை வேண்டாம். தானாக ஆறி அடங்கட்டும்.

குக்கரை விட்டுச் சாதாரணப் பாத்திரத்துக்கு வந்த பிறகும் நுரை விடவில்லை. சின்ன பர்னரில் வைத்திருந்த பாத்திரம் பொங்கி வழிந்து தீயை அணைத்துவிட்டது. நான் கவனிக்கவில்லை, கேஸ் வாடை அடித்த பிறகுதான் தெரிந்தது. ஜன்னலை எல்லாம் திறந்துவிட்டு, சுவிட்ச் எதையும் தொடாமல் வெளியே நின்றோம். பர்னர் ஓட்டையில் மாவு காய்ந்து தீ மஞ்சளாக எரிய ஆரம்பித்தது, அதைச் சுத்தம் செய்ய ஒரு தனிச் செலவு. பாத்திரம் அகலமாக, பாதிதான் நிறைகிற அளவில் இருக்க வேண்டும் என்பதும், மூடியைச் சற்று சாய்த்து வைக்க வேண்டும் என்பதும் இப்படித்தான் என் தலையில் ஏறியது.

என் நிலைமையைப் பார்த்து வழி காட்டியது எதிர் வீட்டு அக்கா. ஆம்பூர்க்காரர்கள், பாய் வீடு. பாஸ்தா என்பதை அவர்கள் அடுப்பில் ஏற்றியதே இல்லை. பிள்ளைகளைக் கொண்டுவந்து விட வந்தவர்கள், நான் சொம்பில் தண்ணி மொண்டு சட்டியில் கவிழ்ப்பதைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றுவிட்டார்கள். "இன்னா தம்பி, அளக்காம ஊத்திகினு கீற?" என்றார்கள். "இது சோறு இல்லக்கா, பாஸ்தா" என்றேன். "எதுவா இருந்தா இன்னா? வடிக்கப் போறியா நீ? இல்லல்ல? வடிக்கலன்னா தண்ணிய அளந்துதான் ஊத்தணும். குஸ்காக்கு ஒரு டம்ளர் சீரக சம்பாக்கு ஒன்றரை டம்ளர் தண்ணி, அதுக்கு மேல ஒரு சொட்டு ஊத்த உடமாட்டாரு உங்க அண்ணன்." அவ்வளவுதான் சொன்னார்கள், போய்விட்டார்கள். நான் பார்த்த வீடியோ ஒன்றில்கூட இந்தப் பேச்சு இல்லை. எல்லோரும் 'தேவையான அளவு தண்ணி' என்று சொல்லிவிட்டு அடுத்த காட்சிக்குப் போய்விடுகிறார்கள். தேவையான அளவு என்ன என்பதைத்தானே அப்பா நாங்கள் கேட்கிறோம்?

கணக்குக்காரன் என்பதால் அதற்குப் பிறகு நோட்டுப் போட்டு எழுத ஆரம்பித்தேன். காய்ந்த பாஸ்தா வெந்து முடியும்போது தன் எடை அளவுக்கோ அதற்குக் கொஞ்சம் மேலேயோ தண்ணி குடிக்கும். ஆக 250 கிராமுக்கு 300 மில்லி அதன் வயிற்றுக்குள் போய்விடுகிறது. வேகிற பன்னிரண்டு, பதின்மூன்று நிமிஷத்தில் ஆவியாகப் போவது அகலமான சட்டியில் 200 மில்லி வரை இருக்கும். மிச்சம் கொஞ்சம் சட்டியில் நின்றால்தான் மாவுச்சத்தோடு சேர்ந்து குழம்பு மாதிரி பாஸ்தாவின் மேல் ஒட்டும். எல்லாம் கூட்டினால் 250 கிராம் பென்னேவுக்கு முக்கால் லிட்டர். எங்கள் வீட்டில் மூன்று பிள்ளை வயிறு அளவுக்கும் ஒரு பெரிய ஆள் அளவுக்கும் இது சரியாக இருக்கிறது (மூன்றாவது பிள்ளை வயிறு என்னுடையது, டாக்டர் குறைக்கச் சொல்லியிருக்கிறார்). டம்ளர் கணக்கை நம்பாதீர்கள், வீட்டுக்கு வீடு டம்ளர் மாறுகிறது. ஒரு லிட்டர் தண்ணி பாட்டிலில் முக்காலுக்கு மார்க்கரால் கோடு போட்டு வைத்துவிட்டேன், பெரியவள்கூட அளந்து கொடுத்துவிடுவாள். 500 கிராம் பாக்கெட்டைச் சரிபாதியாகப் பிரித்துவிட்டால் தராசும் தேவையில்லை.

அந்தத் தண்ணி எந்தத் தண்ணி என்பது எங்கள் ஊரில் தனிக் கேள்வி. தெருக்குழாயில் காவிரித் தண்ணி வராத நாளில் போர் தண்ணியில் செய்து பார்த்தேன். உப்பு போடாமலேயே ஒரு உப்பு, பின்னால் லேசான கசப்பு. பாலாற்றுப் படுகையில் நிலத்தடி நீர் தோல் தொழிற்சாலைக் கழிவால் கெட்ட கதை வேலூர்க்காரர்களுக்குப் புதிதில்லை, 1996-ல் உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொன்ன விஷயம். என் சம்பளமும் தோலில் இருந்துதான் வருகிறது, அதனால் இதைப் பெரிதாகப் பேசக் கொஞ்சம் கூச்சம். சமையலுக்கு வேண்டிய அளவில் சொன்னால், போர் தண்ணியில் வேகவைத்து வடித்தால் உப்பு பெரும்பாலும் தண்ணியோடு போய்விடும். ஒரே சட்டியில் தண்ணிதான் ஆவியாகிறது, உப்பு அத்தனையும் உங்கள் தட்டுக்கு வருகிறது. அதனால் குடிக்கிற தண்ணியிலேயே செய்யுங்கள், முக்கால் லிட்டர்தானே. இதே காரணத்தால் பாக்கெட்டின் பின்னால் 'லிட்டருக்கு 10 கிராம் உப்பு' என்று போட்டிருந்தால் அதை அப்படியே பின்பற்றக்கூடாது. அது வடிக்கிறவர்களுக்குச் சொன்னது. நான் முக்கால் லிட்டருக்குத் தலை தட்டிய ஒரு டீஸ்பூன் போடுகிறேன். சீஸ் சேர்ப்பதாக இருந்தால் அதிலும் கொஞ்சம் குறைக்கிறேன், சீஸிலேயே உப்பு இருக்கிறது.

தக்காளியும் என்னை நன்றாகவே அலைக்கழித்தது. தண்ணி சரி, பாஸ்தா சரி, அப்படியும் இருபத்தைந்து நிமிஷம் ஆகியும் நடுவில் கடக் என்று இருந்தது. தண்ணி வற்றிப்போய் அடி பிடிக்கிறது, பாஸ்தா வேகவில்லை, பிள்ளைகள் தட்டோடு உட்கார்ந்திருக்கிறார்கள். வெறுத்துப்போய்க் கரண்டியைத் தொட்டியில் வீசினேன். புளி ஊற்றிய பிறகு பருப்பு வேகாது என்று அம்மா சொல்லிச் சொல்லி வளர்த்தது அப்போது ஞாபகம் வரவில்லை. இங்கேயும் அதே சங்கதிதான். மார்க்கெட்டில் கிடைக்கிற நாட்டுத் தக்காளி நல்ல புளிப்பு. புளிப்பு இருந்தால் பாஸ்தா இளக நேரம் பிடிக்கும், போதாததற்குத் தக்காளி விழுது கெட்டியாக இருப்பதால் தண்ணியும் அதற்குள் மெதுவாகத்தான் போகும். வெளிநாட்டுச் சமையலில் தக்காளியை முதலிலேயே போட்டுச் செய்கிறார்களே என்றால், பல செய்முறைகளில் முழுசாகவோ பாதியாக வெட்டியோ சின்னத் தக்காளியைப் போடுகிறார்கள், விழுதாக அரைத்து ஊற்றுவதில்லை. நான் இப்போது மூன்று தக்காளியை எண்ணெயில் நன்றாகச் சுருள வதக்கி ஒரு கிண்ணத்தில் எடுத்து வைத்துவிட்டு, அதே சட்டியில் பாஸ்தாவை வேகவைத்து, கடைசி நாலு நிமிஷத்தில் திரும்பச் சேர்க்கிறேன். சட்டி ஒன்றுதான், கிண்ணம் ஒன்று கூடுதல். ஒரே பாத்திரம் என்று விளம்பரம் செய்கிறவர்கள் மன்னிக்கவும்.

பால் ஊற்றுகிறவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை. தக்காளி கொதிக்கும்போது பாலை ஊற்றினேன், கண் முன்னால் திரிந்து துணுக்குத் துணுக்காக மிதந்தது. சாப்பிட ஒன்றும் கெடுதல் இல்லை, ஆனால் பிள்ளைகள் பார்த்த பார்வையில் அது உள்ளே இறங்காது. அடுப்பை அணைத்து, கொதி அடங்கி ஒரு நிமிஷம் ஆன பிறகு சீஸைத் துருவிப் போட்டுக் கிளறினால் போதும். சட்டியில் இருக்கிற மாவுத் தண்ணியோடு அது வழுவழுப்பாகச் சேர்ந்துகொள்ளும். நாலு பேருக்கு இரண்டு கியூப் தாராளம். வெளிநாட்டு சீஸ் டப்பா ஒன்றை ஆசைப்பட்டு வாங்கி, திறந்து, யாருக்கும் பிடிக்காமல் ஃப்ரிட்ஜில் பூசணம் பிடிக்கவிட்டது தனிக்கதை. அதுவே நானூறு ரூபாய்.

இப்போது ஒரு வார நாளில் நான் செய்வது இப்படி. காய் நறுக்குவதைக் காலையிலேயே முடித்து டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்துவிடுகிறேன்: கேரட், பீன்ஸ், குடமிளகாய், இரண்டு வெங்காயம், ஏழெட்டுப் பல் பூண்டு. வீடியோக்காரர்களின் பதினைந்து நிமிஷத்தில் இந்த நறுக்கல் சேராது என்பதைக் கவனிக்கவும். நறுக்கல் இல்லாமலே எனக்கு அரை மணி நேரம் ஆகிறது. வீட்டுக்கு வந்து சட்டை மாற்றுவதற்கு முன்னால் எலக்ட்ரிக் கெட்டிலில் முக்கால் லிட்டர் தண்ணியைப் போட்டுவிடுவேன். நான் கை கால் கழுவி வருவதற்குள் கொதித்திருக்கும், சாயங்காலம் வோல்டேஜ் இறங்கினால் மட்டும் கொஞ்சம் தாமதம். அடி கனமான அகலச் சட்டியில் இரண்டு ஸ்பூன் கடலை எண்ணெய். ஆலிவ் எண்ணெய் வாங்கப் போகாதீர்கள், கடலை விளைகிற ஊரில் இருந்துகொண்டு அது என்னத்துக்கு? பூண்டும் மிளகாய் வற்றலும் போட்டு, தக்காளியை வதக்கி எடுத்து வைத்துவிட்டு, வெங்காயமும் காயும் இரண்டு நிமிஷம் வதங்கியதும் பாஸ்தாவைக் கொட்டி, கொதிக்கிற தண்ணியை ஊற்றி, உப்புப் போடுவேன். இங்கேதான் விட்டுவிட்டுப் போகக்கூடாது. முதல் மூன்று நிமிஷம் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். வெளிப்பக்கத்து மாவு பசையாக இளகி ஒன்றோடொன்று ஒட்டுகிற நேரம் அதுதான். அந்த மூன்று நிமிஷம் தாண்டிவிட்டால் பிறகு இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை அடியோடு ஒரு புரட்டு புரட்டினால் போதும், மூடியைச் சாய்த்து வைத்துவிட்டு ஹோம்வொர்க் பார்க்கலாம். பாக்கெட்டில் 11 நிமிஷம் என்று போட்டிருந்தால் எனக்கு 13 ஆகிறது. ஒன்பதாவது நிமிஷம் தக்காளி திரும்ப உள்ளே போகும்.

எப்போது இறக்குவது என்பதைக் கண்ணால் பார்த்தால் ஏமாந்து போவோம். ஒன்றை எடுத்து நகத்தால் வெட்டிப் பாருங்கள். நடுவில் வெள்ளைப் புள்ளி மறைகிற நேரம், சட்டியில் இன்னும் தளதளவென்று தண்ணி தெரிய வேண்டும். 'ஐயோ தண்ணியா இருக்கே' என்று மனசு பதறும், இன்னும் வற்றவிடத் தோன்றும். வற்றவிடாதீர்கள். இறக்கி ஐந்து நிமிஷத்தில் அதை பாஸ்தாவே குடித்துக் கெட்டியாகிவிடும். அடுப்பிலேயே கெட்டியாகிவிட்டால் தட்டுக்கு வரும்போது உருண்டை பிடிக்கலாம்.

சிக்கன் வேண்டும் என்பவர்கள் சுண்டுவிரல் பருமனுக்கு எலும்பில்லாமல் நறுக்கி முதலிலேயே எண்ணெயில் நிறம் மாற வதக்கிக்கொள்ளுங்கள், பெரிய துண்டு பாஸ்தா நேரத்துக்குள் வேகாது. ஊறவைத்து வேகவைத்த கொண்டைக்கடலை இருந்தால் கடைசியில் ஒரு கை. ஸ்பாகெட்டி மாதிரி நீளமானதை முதல்முறை செய்கிறவர்கள் தொடாமல் இருப்பது நல்லது. சட்டிக்குள் மடங்காமல் பாதி வெளியே நிற்கும், உள்ளே இருக்கிற பாதி முன்னாலேயே இளகிவிடும். குட்டி மக்ரோனி ஏழு எட்டு நிமிஷத்திலேயே வெந்துவிடுவதால் தண்ணியையும் 100 மில்லி குறைக்க வேண்டியிருக்கிறது.

இந்தப் பாடம் படிக்க ஆன செலவு நோட்டில் இருக்கிறது. மூட்டைப் பாஸ்தா, வீணாய்ப் போன சீஸ், குக்கர் வால்வும் கேஸ்கெட்டும், பர்னர் சுத்தம் செய்த கூலி, நடுவில் வாங்கிய ஓட்டல் பார்சல்கள், எல்லாம் சேர்த்து 1,500 ரூபாயைத் தொட்டது. கையில் பட்ட சூட்டுத் தழும்பு கணக்கில் வராது. டியூப் லைட் பட்டியில் ஒரு ஆரஞ்சுத் துளி இன்னும் இருக்கிறது, பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது பார்த்துக்கொள்ளலாம்.

கடைசியாக ஒன்பதரைக்கு வருகிறவளின் பங்கு. எட்டு மணிக்கு இறக்கியதை அப்படியே மூடி வைத்தால் அவள் வருவதற்குள் கட்டியாகிவிடுகிறது. முதலில் எல்லாம் அவள் ஒன்றும் சொல்லாமல் பிட்டுப் பிட்டுச் சாப்பிட்டாள், எனக்குத்தான் பார்க்கப் பாவமாக இருந்தது. இப்போது அவள் பங்கைப் பாஸ்தா முழுசாக வேகுவதற்கு இரண்டு நிமிஷம் முன்னாலேயே, குழம்பு கொஞ்சம் கூடுதலாக விட்டு, எடுத்துத் தனியாக வைத்துவிடுகிறேன். வண்டிச் சத்தம் கேட்டதும் அரை டம்ளர் கொதிக்கிற தண்ணி ஊற்றி அதே சட்டியில் இரண்டு நிமிஷம் புரட்டினால் புதிதாகச் செய்த மாதிரி ஆகிவிடும். சித்திரை வைகாசி வெயிலில் அதையும் வெளியே வைப்பதில்லை. எங்கள் ஊர் சமையலறைச் சூட்டில் இரண்டு மணி நேரம் தாண்டினால் எதுவும் புளித்துவிடும், அதனால் சூடு அடங்கியதும் ஃப்ரிட்ஜுக்குள் போய்விடும். சட்டியை மட்டும் காலிசெய்த கையோடு பச்சைத் தண்ணி ஊற்றி ஊறப்போடுங்கள். காயவிட்டால் மறுநாள் காலையில் கம்பி நார் போட்டுத் தேய்த்தாலும் அந்த மாவு லேசில் விடாது, சிப்காட் பஸ்ஸும் உங்களுக்காக நிற்காது.